பதினொரு புடவையும் ஒரு பயணமும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் டைரியில் மூன்று தீர்மானம் எழுதுவேன். போன வருடத்து டைரியைப் பார்த்துத்தான் இந்த வருடத்ததை எழுதுகிறேன். அப்படியே திரும்ப வருகிறது. ஒன்று, அம்மாவின் பழைய நூல் புடவைகள் பதினொன்றைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டுப்போட்டு ஒரு போர்வை. இரண்டு, மார்கழியில் மாமனாரையும் அழைத்துக்கொண்டு கல்லணையிலிருந்து கோடியக்கரை வரை காவிரிக் கரையோடு காரில் ஒரு பயணம். மூன்று, மாதாமாதம் சேமிப்பு.

இந்தத் தடவை போர்வையைத் தொடங்கிவிட்டேன். ஆனால் ஒரு சுங்குடிப் புடவை சாயம் விட்டு மற்ற புடவையில் ஏறிவிட்டது. தைத்த வரைக்கும் தரையில் விரித்தால் நடுப்பகுதி குடை மாதிரி எழும்புகிறது. உள்ளே இலவம்பஞ்சு வைத்துத் தைத்த ஒரு மூலையைத் துவைத்ததும் பஞ்செல்லாம் ஒரு பக்கம் உருண்டுவிட்டது. மார்கழி பிறக்க இருபது நாள்தான் இருக்கிறது. போர்வையை முடித்து, அதை எடுத்துக்கொண்டுதான் பயணம் போக வேண்டும் என்று ஆசை. முடியுமா? வருடத் தீர்மானம் என்பதே வேலைக்காகாத விஷயமா?

வ., கும்பகோணம்

அன்புள்ள வ.,

முடியாது. போர்வை இல்லாமல் பயணம் போங்கள். அதுவும் மார்கழியில் வேண்டாம், தையில் போங்கள்.

தீர்மானத்தில் கோளாறு இல்லை. ஜனவரி ஒன்றில் உட்கார்ந்து எழுதியதுதான் கோளாறு. டெல்டாவில் எந்த வேலையும் அந்தத் தேதியில் தொடங்குவதில்லை. சித்திரையில் நல்லேர் பூட்டி ஆண்டின் முதல் உழவைத் தொடங்குகிறார்கள். மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12, மூட வழக்கமான நாள் ஜனவரி 28. இடையில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. துணி துவைப்பதற்கும், தைப்பதற்கும், கார் ஓட்டுவதற்கும் இந்த ஊரில் தனித்தனிக் காலம் இருக்கிறது. நீங்கள் மூன்றையும் கார்த்திகை கடைசியில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள்.

முதலில் சாயம். ஏறிய புடவையைக் காய வைக்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். சூடு பட்டால் கறை நிலைத்துவிடும். பெரிய அண்டா நிறையச் சுடுநீர், வழக்கமாகப் போடும் சோப்புத் தூள், அதில் அந்தப் புடவையை மட்டும் தாராளமாக மிதக்கும்படி எட்டு மணி நேரமாவது ஊற விடுங்கள். தண்ணீர் நிறம் மாறினால் மாற்றி மறுபடி ஊறப் போடுங்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் விட்ட சாயம் திரும்பத் துணியிலேயே படியும். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். உப்பு சாயம் ஏற்றும் இடத்தில் உதவும். ஏறி முடிந்த சாயத்தைப் பிடித்து வைக்காது. மீதமுள்ள புடவைகளைச் சோதிக்க, ஒரு முனையை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். மூன்று முறை அலசியும் நிறம் இறங்கும் புடவைக்கு இந்தப் போர்வையில் இடமில்லை, அம்மா கல்யாணத்துக்குக் கட்டியதாகவே இருந்தாலும்.

கூறைநாட்டுப் புடவை இருந்தால் அதையும் தள்ளி வையுங்கள். பட்டும் பருத்தியும் கலந்த நெசவு. தண்ணீரில் இரண்டும் ஒரே அளவில் சுருங்காது. ஜரிகைக் கரை பக்கத்துத் துணியை அறுக்கும், அதையும் வெட்டி எடுத்துவிடுங்கள். கீழே வைத்துத் தைத்த ஃபால்ஸைப் பிரிக்க மறக்க வேண்டாம்.

பழைய புடவை முழுக்க ஒரே மாதிரி நைந்திருக்காது. கொசுவத்தின் அடி, இடுப்பில் செருகும் இடம், உட்கார்ந்து எழும் பகுதி, இவைதான் முதலில் போகும். முந்தியும் முந்தியை ஒட்டிய ஒரு கெஜமும் பெரும்பாலும் திடமாக இருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இழை விலகித் தெரிகிற இடத்தை இரண்டு கட்டைவிரலால் இழுத்தால் கிழியும். கிழிந்தால் அது மேல்துணிக்கு ஆகாது.

இப்போது அளவு. ஒற்றைக் கட்டிலுக்கு 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம் போதும். துண்டை ஆறரை அங்குலச் சதுரமாக வெட்டினால், நான்கு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போய் ஆறு அங்குலம் நிற்கும். அகலத்தில் 10, நீளத்தில் 15, மொத்தம் 150 சதுரம். பதினொரு புடவையில் தலா 14 வெட்டினால் 154, நான்கு உபரி. ஒன்றிரண்டு புடவை கழிந்து ஒன்பதாகிவிட்டால் தலா 17 வெட்டுங்கள். 14 சதுரத்துக்கு ஒரு கெஜத் துணிகூட முழுதாகச் செலவாகாது, ஆகையால் நைந்த பகுதியைத் தொட வேண்டிய அவசியமே வராது.

வெட்டுவதற்கு முன் மெல்லிய அரிசிக் கஞ்சி போட்டு விறைப்பாக்குங்கள். நைந்த பருத்தி கத்திரிக்கு முன்னால் நழுவும். சதுரம் என்று நினைத்து வெட்டியது சாய்சதுரமாக நிற்கும். விளிம்பை ஒரு முறை கிழித்து நேர் இழையைக் கண்டுபிடித்து, அதை ஒட்டி அளவெடுங்கள். அட்டையில் ஆறரை அங்குல அச்சு ஒன்று செய்துகொண்டு அதை வைத்தே எல்லாவற்றையும் வெட்டுங்கள். முன்பு வெட்டிய துண்டை வைத்து அடுத்ததை வெட்டினால் ஒவ்வொன்றும் இழை அளவு பெருத்துக்கொண்டே போகும். நீளவாக்கு எது என்று மூலையில் சாக்பீஸால் ஒரு கோடு. எல்லாச் சதுரமும் ஒரே வாக்கில் இருந்தால் துவைத்த பிறகும் ஒரே மாதிரி சுருங்கும்.

குடை எழும்புவதற்கு வருவோம். விளிம்பு வரிசைகள் குட்டையாகவும் நடு வரிசைகள் நீளமாகவும் இருந்தால் மிஞ்சிய துணி நடுவில் எழும்பும். தையல் விடும் அளவு வரிசைக்கு வரிசை மாறியதுதான் காரணம். ஒவ்வொரு பக்கமும் அரை நூல் அதிகமாகப் பிடித்தால் ஒரு மூட்டில் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம் போகும். பத்துச் சதுரத்துக்கு ஒன்பது மூட்டு. ஒரு வரிசைக்கு ஓர் அங்குலத்துக்கு மேல் காணாமல் போயிருக்கும். சாதாரண மிதி மெஷினில் பாதத்தின் ஓரம் சரியாகக் கால் அங்குலத்தில் இருக்கும் என்று நம்பாதீர்கள். ஊசி நுனியிலிருந்து ஸ்கேலால் கால் அங்குலம் அளந்து, தகட்டின் மேல் பிளாஸ்டர் டேப்பை நான்கைந்து மடிப்பாக ஒட்டிவிடுங்கள். துணி அந்த மேட்டை உரசிக்கொண்டே போகட்டும். மூன்று சதுரத்தை இணைத்து, தேய்த்து, நடுச் சதுரத்தை அளந்து பாருங்கள். சரியாக ஆறு அங்குலம் இருந்தால் மேலே போகலாம்.

இதுவரை தைத்ததை வரிசை வரிசையாக அளந்து, மாறுபடும் வரிசையை மட்டும் பிரியுங்கள். மொத்தத்தையும் பிரிக்கத் தேவையில்லை. இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். இழுத்தால் சதுரம் கோணும். ஒரு வரிசையின் மூட்டுகளை இடப்பக்கமும் அடுத்ததை வலப்பக்கமும் மடித்துத் தேய்த்தால், வரிசைகளைச் சேர்க்கும்போது மூட்டோடு மூட்டு பூட்டிக்கொள்ளும், மூலைகள் நேராக நிற்கும். 16ஆம் நம்பர் ஊசி பழைய புடவையில் ஓட்டை போடும். 14 போடுங்கள், 11 கிடைத்தால் இன்னும் நல்லது.

இலவம்பஞ்சை எடுத்துவிடுங்கள். வழவழப்பான குட்டை இழை, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது. நனைந்தால் உருளும், மெல்லிய புடவை வழியே வெளியே வரும். அதன் இடம் தலையணை. டெல்டாவின் குளிருக்கு நடுவில் பஞ்சே தேவையில்லை. பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை இரண்டாக வெட்டுங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 71 அங்குலம், அகலம் 50. நீள ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல், தொட்டும் தொடாமலும் வைத்துக் கையால் தளர்வாக இணைத்தால் 71க்கு 100 கிடைக்கும். அடித்துணிக்கு ஒரு முழுப் புடவை. அதையும் பாதியாக வெட்டி நீளவாக்கில் சேர்த்து, மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக, 68க்கு 98 வைத்துக்கொள்ளுங்கள். தைக்கத் தைக்க மேல்துணி ஓரம் நோக்கி நகரும். அதற்குத்தான் இந்தக் கூடுதல்.

மூன்று அடுக்கையும் தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீளத் தையல் போட்டுத் தற்காலிகமாகப் பிடியுங்கள், கோட்டுக்குக் கோடு நான்கு விரல் இடைவெளி. பிறகு ஓட்டுத் தையல், இதுவும் நடுவிலிருந்து. ஓரத்தில் தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து மாட்டும். மூன்று அங்குலத்துக்கு ஒரு கோடு என்றால் இருபது கோடு, ஒவ்வொன்றும் 90 அங்குலம். ஊசியில் ஒரு முழத்துக்கு மேல் நூல் கோக்காதீர்கள். துணிக்குள் போய்ப்போய் வந்து நூல் நைந்து அறும். ஓரப்பட்டிக்கு இரண்டரை அங்குல அகலத்தில், 312 அங்குல நீளம் வேண்டும். ஒரு புடவை நீளத்தில் இரண்டு பட்டி எடுத்தால் மிஞ்சும். பட்டிகளை நேராக இணைக்காமல் சாய்வாக இணையுங்கள், இல்லாவிட்டால் அந்த இடத்தில் தடிக்கும். முடிந்தபின் எடை ஒரு கிலோவை ஒட்டி வரும்.

எங்காவது ஒரு சதுரம் பின்னால் கிழிந்தால் பிரித்து மாற்ற வேண்டாம். நம் தேர்களில் தொங்கும் தொம்பைகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். நிறத்துணியை வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, அடித்துணியின் மேல் வைத்துத் தைத்திருப்பார்கள். அதே முறையில் கிழிசலுக்கு மேல் ஒரு பூவோ அன்னமோ வைத்து மூடலாம். ஒட்டுத்துணி வேலைக்கு மாதிரி தேடி இணையத்தில் அலைகிறவர்கள் திருவாரூர்த் தேரை ஒரு முறை அண்ணாந்து பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

ஆக, காலக்கணக்கு இது. துவைப்பது, கஞ்சி போடுவது, வெட்டுவது மூன்றும் பங்குனி, சித்திரை வெயிலில். கார்த்திகை ஈரத்தில் கஞ்சி போட்ட துணி காயாமல் நாறும், பூஞ்சணம் பூக்கும். மெஷின் தையல் ஆனி, ஆடியில். கைத்தையலுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை நாட்கள். வெளியே போக முடியாத மாலைக்கு ஒரு கோடு. அடுத்த மார்கழிக்குப் போர்வை தயார். முடிந்ததும் கஞ்சி போக அலசிவிட்டு மடியுங்கள். கஞ்சிப் பசை இருந்தால் ராமபாணப் பூச்சி வரும். பிளாஸ்டிக் பையில் கட்டாமல் பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள்.

பயணம். காவிரிக் கரையோடு போனால் நீங்கள் சேருமிடம் பூம்புகார், கோடியக்கரை அல்ல. இரண்டும் வேண்டுமென்றால் பூம்புகாரில் தெற்கே திரும்பிக் கடலோரமாக வர வேண்டும். முதல் நாள் கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம். உங்கள் ஊர்தான், வீட்டில் தூங்கலாம். இரண்டாம் நாள் மயிலாடுதுறை, பூம்புகார், டேனியர் 1620இல் கோட்டை கட்டிய தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம். ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மூன்றாம் நாள் வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை. ஊருக்குள் ஊர் வரும் சாலை. மணிக்கு 30, 35 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் மாமனாருக்கு இடுப்பு வலிக்காது. பெட்ரோலை வேதாரண்யத்திலேயே நிரப்பிவிடுங்கள்.

மார்கழி முதல் பாதியை நம்ப முடியாது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்தது. கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை வேளாங்கண்ணியில் கார் நிறுத்த இடம் தேட வேண்டியிருக்கும். காணும் பொங்கலன்று கல்லணைப் பக்கமே போகக் கூடாது. மிஞ்சுவது ஜனவரி 18 முதல் 28 வரை: மழை ஓய்ந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்கும், கோடியக்கரையில் பூநாரைகள் கிளம்பியிருக்காது. மேட்டூர் மூடிச் சில நாளில் மணல் தெரியத் தொடங்கிவிடும். தியாகராஜர் ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில். ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் நகரும். பஞ்சாங்கத்தைப் பார்த்துத் திருவையாற்று நாளை வையுங்கள்.

விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பும் வழக்கத்தை மட்டும் விடுங்கள். ஏழரைக்குக் கிளம்பினால் போதும். பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணுக்கே வரும், லோ பீம்தான். கண்ணாடி மங்கினால் விரலால் தொட்டுப் பாருங்கள். உள்ளே ஈரம் என்றால் ஏ.சி.யைப் போட்டு வெளிக்காற்று வரும்படி வையுங்கள். வெளியே ஈரம் என்றால் ஏ.சி. கண்ணாடியைக் குளிர வைத்துவிட்டது. காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிட்டு வைப்பரைப் போடுங்கள். டயர் காற்றை ஓட்டும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். வெப்பம் ஐந்தாறு டிகிரி இறங்கினால் டயரின் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. குறையும். பழனிக்கு நடப்பவர்கள் விடியலுக்கு முன் சாலை ஓரத்தில் கூட்டமாக வருவார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

தையில் உங்களுக்குப் பெரிய இடைஞ்சல் சாலையில் காயும் நெல். திட்டிக்கொண்டே போகாதீர்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுப்பதில்லை என்பது விதி; பனி மாதத்தில் களத்து மண்ணில் அது இறங்காது, தார்ச் சாலைதான் காய வைக்கும். நெல் மேல் ஏறிப் பிரேக் அடித்தால் சக்கரம் வழுக்கும். முன்கூட்டியே இருபதுக்குக் குறைத்து, நெல்லுக்கு வெளியே போங்கள். எல்லைக்கு வைத்த கருங்கற்கள் இருட்டில் தெரியாது, ஆகவே ஆறு மணிக்குள் ஊர் சேர்ந்துவிடுங்கள். வைக்கோல் பரப்பியிருந்தால் அதன் மேல் நிறுத்தவே கூடாது. அடியில் சிக்கிய வைக்கோல் சைலன்ஸர் சூட்டில் பற்றிக்கொள்ளும். கடந்தபின் ஓரங்கட்டிக் குனிந்து பார்த்து, சிக்கியிருந்தால் சூடு ஆறியதும் உருவிவிடுங்கள்.

சேமிப்புக்குத் தனியாகத் தீர்மானம் எதற்கு? தபால் அலுவலகத்தில் மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு, அதாவது ஒரு ஆர்.டி. போடுங்கள், மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம், 60 மாதம். ஜனவரி வரை காத்திருக்காமல் வரும் திங்கட்கிழமையே போய்விட்டு வாருங்கள்.

அன்புடன்.