குன்னூர் வீட்டு ஜன்னல் ஏசியில் ஐஸ்: கேஸ் ஏற்றுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து குன்னூருக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. அங்கே நன்றாக ஓடிய ஒன்றரை டன் ஜன்னல் ஏசியைக் கொண்டுவந்து படுக்கையறையில் மாட்டினோம். வெயிலுக்காக இல்லை. மழைக்காலத்தில் துணிமணி, பீரோ, புத்தகம் எல்லாம் பூஞ்சை பிடிக்கிறது. ஏசி போட்டால் ஈரம் போகும் என்றார்கள். இரவில் போட்டால் அரை மணி நேரத்தில் காற்று குறைந்துவிடுகிறது. கிரில்லைத் திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளையாக ஐஸ். அணைத்ததும் சுவரில் தண்ணீர் வழிகிறது. மெக்கானிக் இரண்டு முறை கேஸ் ஏற்றினார். சரியாகவில்லை. புது ஏசி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா ஐயா?

– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: அம்மா, புது ஏசி வாங்க வேண்டாம். மூன்றாவது முறை கேஸ் ஏற்றவும் சம்மதிக்காதீர்கள். மழைக்காலத்தில் போடுகிறோம், இரவில் போடுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். குன்னூரில் அந்த நேரத்தில் போட்டால் எந்த நல்ல ஜன்னல் ஏசியும் ஐஸ் கட்டத்தான் செய்யும். மேட்டுப்பாளையத்துக்கும் மலைக்குமாக ஏறி இறங்கி ஏசி வேலை பார்த்தே எனக்குப் பாதி வயது போய்விட்டது. இந்த ஒரு புகாருக்காக மலையில் வீணாகிற கேஸையும் பணத்தையும் பார்த்து மனசு பொறுக்கவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிரில்லையும் ஃபில்டரையும் கழற்றினால் அலுமினியத் தகடுகளை நெருக்கமாக அடுக்கிய பாகம் தெரியும். அதைக் காயில் என்போம். அதற்குள் ஓடும் கேஸ், அறையில் இருக்கிற சூட்டை வாங்கிக்கொண்டு போய் வெளியே கொட்டுகிறது. கோயம்புத்தூரில் மே மாதம் அறை 32 டிகிரியில் இருக்கும். சூடான காற்று வந்து மோதிக்கொண்டே இருப்பதால் காயில் ஓர் அளவுக்கு மேல் குளிர முடியாது. அதன் மேல் படிகிற ஈரம் தண்ணீராக வழிந்து கீழே ட்ரேயில் விழும். குன்னூரில் மழை பெய்யும் இரவில் உங்கள் அறையே 17, 18 டிகிரிதான் இருக்கும். வாங்கிக்கொள்ளச் சூடு இல்லை. காயில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடுகிறது. ஈரம் வழியாமல் அங்கேயே உறைகிறது. உறைந்தது தகடுகளின் இடுக்கை அடைக்கிறது, காற்று குறைகிறது, காற்று குறைந்ததால் காயில் இன்னும் குளிர்கிறது. அரை மணி நேரத்தில் வெள்ளைச் சுவர் எழும்பிவிடும்.

வெளிப்பக்கமும் இதே கதைதான். வெளியே 14 டிகிரி குளிர் இருந்தால் சூட்டை வெளியே விடுகிற பின்பக்கக் காயிலில், அதாவது கண்டன்சரில், அழுத்தமே ஏறாது. ஜன்னல் ஏசியில் கேஸ் உள்ளே போகிற வழி ஒரு மெல்லிய செம்புக் குழாய். அதைக் கேப்பிலரி என்போம். அதற்குத் திறந்து மூடும் வால்வு கிடையாது. பின்னாலிருந்து தள்ளுகிற அழுத்தம் குறைந்தால் காயிலுக்கு வருகிற கேஸும் குறையும். மலையின் உயரம் வேறு சேர்ந்துகொள்கிறது. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர். இங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம்தான். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளுகிற காற்று எடை குறைந்த காற்று. சுமந்து வருகிற சூடும் குறைவு. ஃபில்டரில் தூசி அடைந்த ஏசி கீழே எப்படி ஓடுமோ, சுத்தமான ஃபில்டரோடும் இங்கே அப்படி ஓடும்.

இப்போது கேஸ் விஷயத்துக்கு வருவோம். பல வருடங்களுக்கு முன் கோத்தகிரியில் ஒரு வீட்டில் இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். டிசம்பர் மாதம். ஆர்22 கேஸ் உள்ள பழைய ஏசி, காயில் முழுக்க ஐஸ். கேஸின் அழுத்தம் காட்டும் மீட்டரை மாட்டினேன், முள் 45 பி.எஸ்.ஐ.யில் (அழுத்தத்தை அளக்கும் கணக்கு) நின்றது. கீழே 65, 70 காட்டும்; இங்கே குறைகிறதே என்று கேஸ் விட்டேன். முள் ஏறியது, ஐஸும் கொஞ்சம் இளகியது, வேலை முடிந்தது என்று இறங்கிவிட்டேன். ஏப்ரலில் கூப்பிட்டார்கள். வெயில் ஏறினால் கேஸை அழுத்தித் தள்ளுகிற கம்ப்ரசர் பத்து நிமிஷம் ஓடி நின்றுவிடுகிறது. கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பார்த்தால் இழுக்க வேண்டிய ஆம்பியரை விட நன்றாகவே அதிகம் இழுக்கிறது. அறை சூடாக இருக்கும்போது அந்த அளவு கேஸ் அதற்குத் தாங்கவில்லை. நான் விட்ட கேஸை நானே எடுத்தேன், காசு வாங்கவில்லை. முள் குறைவாக நின்றதற்குக் காரணம் குளிர்ந்த அறை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

உங்கள் மெக்கானிக்கிடம் இதையும் சொல்லுங்கள். ஆர்22 கேஸில் காயில் பூஜ்யம் டிகிரியைத் தொடும்போது கடற்கரை ஊரில் மீட்டர் 57, 58 காட்டும். மீட்டர் காட்டுவது சுற்றிலும் இருக்கிற காற்றின் அழுத்தத்துக்கு மேலே எவ்வளவு என்பதைத்தான். இங்கே அந்தக் காற்றழுத்தமே சுமார் 3 பி.எஸ்.ஐ. குறைவு என்பதால், அதே பூஜ்யம் டிகிரிக்குக் குன்னூரில் மீட்டர் 60, 61 காட்டும். கீழே மனப்பாடம் செய்த எண்ணை மலையில் அப்படியே நம்பினால் கணக்குத் தப்பும். ஆர்32, ஆர்410ஏ கேஸுக்கு எண்களே வேறு. முள்ளைப் பார்த்துக் கேஸ் விடுவதை விட, ஏசியின் பக்கவாட்டுத் தகட்டில் கிராம் கணக்கில் போட்டிருக்கிற அளவைத் தராசில் நிறுத்து விடுவதுதான் முறை.

சரி, கேஸ் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதை நீங்களே பார்க்கலாம். வெயில் அடிக்கிற ஒரு மதியம் வரட்டும். அறை 25, 26 டிகிரிக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் ரூம் ஹீட்டரைக் கொஞ்ச நேரம் போட்டு ஏற்றிக்கொண்டு, பிறகு அணைத்துவிடுங்கள். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். ஃபேனை அதிக வேகத்தில் வைத்து ஏசியைக் கால் மணி நேரம் ஓட விடுங்கள். அப்புறம் ஏசியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கிரில்லைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். காயில் முழுவதும் ஒரே மாதிரி வியர்த்து நீர்த்துளி கோத்திருந்தால் கேஸ் சரியாக இருக்கிறது. கேப்பிலரி வந்து சேர்கிற மூலையில் மட்டும் உறைந்து, மீதிக் காயில் காய்ந்து கிடந்தால் கேஸ் குறைவு. முழுவதும் சீராக வெள்ளை பூத்திருந்தால் அது காற்றோட்டக் குறை அல்லது குளிர்; கேஸுக்குச் சம்பந்தம் இல்லை. சமையலறைத் தெர்மாமீட்டர் இருந்தால் ஏசி ஓடும்போதே ஒரு வேலை செய்யலாம். உள்ளே போகிற காற்றுக்கும் வெளியே வருகிற காற்றுக்கும் 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் இயந்திரம் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறது.

காயிலுக்கு முன்னால் ஒரு சிறிய சென்சார், பழைய மாடலில் செம்பு பல்பு, கிளிப்பில் மாட்டியிருக்கும். வண்டியில் ஏற்றி பர்லியார் வளைவுகளைத் தாண்டி வந்த ஏசிகளில் அது கழன்று ட்ரேயில் கிடப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். அப்படிக் கிடந்தால் கம்ப்ரசர் எப்போது நிற்க வேண்டும் என்றே அதற்குத் தெரியாது. திறக்கிறபோது அதையும் பார்த்துவிடுங்கள்.

சுவரில் தண்ணீர் வழிவதற்குப் பாதிக் காரணம் அந்த ஐஸ்தான். ஐஸ் உருகும்போது ட்ரேயில் விழாமல் கிரில் பக்கமாகச் சரிந்து விழும். மீதிக் காரணம் சாய்வாக இருக்கலாம். ஜன்னல் ஏசியின் பின்பக்கம் முன்பக்கத்தை விடக் கால் அங்குலம் முதல் அரை அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். ஏசியின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். குமிழி அறைப் பக்கம் கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும். பழைய கல் கட்டடங்களில் ஜன்னல் சட்டம் காலப்போக்கில் உள்பக்கம் சாய்ந்திருக்கும். அதன் மேல் ஏசியை அப்படியே உட்கார வைத்துவிடுகிறார்கள். பின் ட்ரேயின் ஓட்டையையும் பாருங்கள். இங்கே தூசியை விட இலைதான் எதிரி. சில்வர் ஓக் இலையும் தைலமர இலையும் ட்ரேக்குள் விழுந்து ஊறி, கறுப்புச் சேறாகி ஓட்டையை மூடிவிடும். ஆனால் பின்பக்கம் சளக் சளக் என்று தண்ணீர் தெறிக்கிற சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். பல மாடல்களில் ட்ரேயில் தேங்குகிற தண்ணீரை ஃபேனே வாரிக் கண்டன்சர் மேல் தெளிக்கும். அது கோளாறு இல்லை.

நீங்கள் ஏசி மாட்டியதே ஈரத்துக்காக. அதற்கு இது ஏற்ற இயந்திரம் இல்லை அம்மா. ஏசி ஈரத்தை எடுக்கிறது, கூடவே சூட்டையும் வெளியே தள்ளிவிடுகிறது. அறை இன்னும் குளிர்ந்துபோகும். குளிர்ந்த சுவரிலும் பீரோவின் முதுகிலும் மறுபடி ஈரம் படியும், பூஞ்சைக்கு அதுவே போதும். டீஹியூமிடிஃபையர் என்று கடையில் கிடைக்கிற இயந்திரத்திலும் ஏசியில் இருக்கிற அதே காயில், அதே கம்ப்ரசர்தான். ஆனால் அது ஈரத்தை மட்டும் வாளியில் பிடித்துக்கொண்டு, சூட்டை அறைக்குள்ளேயே விடுகிறது. மலைக்கு அதுதான் பொருந்தும். வாங்கும்போது எந்த வெப்பநிலை வரை வேலை செய்யும் என்று கேட்டு வாங்குங்கள். 15 டிகிரிக்குக் கீழே போனால் கம்ப்ரசர் வகையும் ஐஸ் கட்டித் தடுமாறும், தானே உருக்கிக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இன்னும் குளிரான ஊர் என்றால் கம்ப்ரசர் இல்லாமல் ஈரம் உறிஞ்சும் பொருளில் ஓடுகிற வகை மேல்.

அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் இன்னொரு வழி. 15 டிகிரியில் ஈரம் நிறைந்து நிற்கிற காற்றை 20 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீரை எடுக்காமலே அதன் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு அருகில் வந்துவிடும். ஆயில் ஹீட்டரைக் குறைந்த அளவில் மாலையில் இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். வெயில் வந்ததும், அரை மணி நேரமே வந்தாலும், ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஒன்றை மட்டும் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: மூடிய அறைக்குள் கரி கணப்பு வைக்காதீர்கள். அதிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போகும்.

இருக்கிற ஏசியைக் கழற்றி எறிய வேண்டாம். ஏப்ரல், மே மதியங்களில் தகரக் கூரை வீடுகள் நன்றாகவே காயும். அப்போது 25, 26 டிகிரி வைத்து, ஃபேனை வேகமாக ஓட விட்டுப் பயன்படுத்துங்கள். அணைப்பதற்கு முன் அரை மணி நேரம் ஃபேனை மட்டும் ஓட விட்டால் காயில் காய்ந்துவிடும், அந்தப் புழுக்க வாசனை வராது. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் ஷீட்டால் முழுதாகச் சுற்றிக் கட்டாதீர்கள். ஈரம் உள்ளேயே அடைபட்டுத் தகடு துருப்பிடிக்கும். மேலே மட்டும் ஒரு தகரம் போட்டு, பக்கங்களில் காற்று போகிற கட்டங்களைத் திறந்தே விடுங்கள். குரங்குத் தொல்லை இருந்தால் பின்பக்கம் அரை அடி தள்ளிக் கம்பிக் கூண்டு அடிக்கலாம். ஒட்டி அடித்தால் காற்று அடைபடும்.

ஒன்றரை டன் ஏசி 7, 8 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு வயர், தனி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), நல்ல எர்த் எல்லாம் அவசியம். பழைய வீடுகளில் எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும். எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். மாலையில் ஊரே கீசரும் ஹீட்டரும் போடும்போது வோல்டேஜ் இறங்குகிற தெருவாக இருந்தால் ஸ்டெபிலைசர் வேண்டும். மரம் விழுந்து கரண்ட் போய்ப் போய் வருகிற நாளில், வந்ததும் மூன்று நிமிஷம் பொறுத்து ஏசியைப் போடுங்கள். கம்ப்ரசர் உம்மென்று முனகி, டிக் என்று அணைந்தால் பெரும்பாலும் அதைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர் போயிருக்கும், சில நூறு ரூபாய் வேலை. நீங்கள் மட்டும் அதைத் தொட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் கரண்ட் தேங்கியிருக்கும்.

இரண்டு தடவை ஏற்றிய கேஸ் இப்போது அளவுக்கு மேல் இருக்க வாய்ப்பு அதிகம். வெயில் மாதத்தில் போடுவதற்கு முன், இருக்கிற கேஸை முழுவதும் சிலிண்டரில் எடுத்து, வேக்குவம் போட்டு (குழாயில் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுத்து), தகட்டில் உள்ள எடைக்கு நிறுத்து விடச் சொல்லுங்கள். தகட்டில் ஆர்32 அல்லது ஆர்290 என்று இருந்தால் அது தீப்பிடிக்கும் கேஸ். வெல்டிங் வேலையை அறைக்குள் வைத்துச் செய்ய விடாதீர்கள், ஏசியை முற்றத்துக்குத் தூக்கி வைத்துச் செய்யட்டும். நான் சொன்ன மதியச் சோதனையில் மூலை மட்டும் உறைந்திருந்தால், முதலில் கசிவு எங்கே என்று சோப்பு நுரை வைத்துத் தேடி அடைத்த பிறகுதான் கேஸ் விட வேண்டும். பழைய ஜன்னல் ஏசிகளில் கேஸ் விடவென்று தனி வால்வு இருக்காது, குழாயை வெட்டி ஒட்டித்தான் விட்டிருப்பார். தேடுவதை அந்த ஒட்டிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.