முனகினால் பல், உதறினால் பிளேட்

வாசகர் கேள்வி – பதில்: பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் டிஃபரன்ஷியல் சத்தங்கள்

கேள்வி: என்னுடையது பின்சக்கர இயக்கம் கொண்ட பழைய கூபே. கிளட்ச் பிளேட் வகை எல்.எஸ்.டி. (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்: இன்ஜின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தந்து, ஒன்று மட்டும் வீணாகச் சுழலாமல் தடுப்பது). ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது பின்பக்கம் ‘டக டக டக’ என்று உதறுகிறது. நேரான சாலையில் ஒரு சத்தமும் இல்லை. கியர் ஆயில் மாற்றிய பிறகுதான் இது தொடங்கியது. டிஃபரன்ஷியலைக் கழற்ற வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு ஸ்பானரைத் தொடாதீர்கள். கேள்வியிலேயே விடை இருக்கிறது: ஆயில் மாற்றிய பிறகு.

திருப்பத்தில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட வேகமாகச் சுற்ற வேண்டும். அதற்கு எல்.எஸ்.டி.க்குள் மாறி மாறி அடுக்கிய உராய்வு பிளேட்டுகளும் எஃகு பிளேட்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். ஸ்பிரிங் அவற்றை எப்போதும் அழுத்திப் பிடித்திருக்கிறது. சாதாரண ஜி.எல்.-5 தர கியர் ஆயிலில், நின்றிருக்கும் பிளேட்டை நகர்த்தத் தேவைப்படும் விசை, நகர்ந்துகொண்டிருக்கும் பிளேட்டுக்குத் தேவைப்படுவதைவிட அதிகம். அதனால் பிளேட் ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். அந்த ஒட்டலும் விடுதலும்தான் உங்கள் ‘டக டக’. ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் என்ற சேர்மானம் உலோகத்தின் மேல் படலமாகப் படிந்து, நிற்கும் நிலை உராய்வைக் குறைக்கிறது. உங்கள் காரில் அதைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். காலியான சமதளத்தில், நடை வேகத்தில், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, கிளட்சை மிதித்து காரை உருள விடுங்கள். இன்ஜின் இழுக்காதபோதும் உதறினால் பிளேட்தான். இழுக்கும்போது மட்டும் வந்தால் டிஃபரன்ஷியல் மவுன்ட் புஷ்ஷையும் ஆக்ஸில் ஜாயின்ட்டுகளையும் பார்க்க வேண்டும்.

மாடிஃபையர் பொதுவாக 118 மி.லி. குப்பியில் வருகிறது. முழுவதையும் ஒரேயடியாக ஊற்றாதீர்கள். பாதியை ஊற்றுங்கள், ஹவுசிங் நிறைந்திருந்தால் அந்த அளவு ஆயிலை முதலில் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பிறகு 8 போட்டு வலமும் இடமும் பத்துப் பத்துச் சுற்று மெதுவாக ஓட்டுங்கள். பிளேட்டுகளுக்கு இடையில் இருக்கும் பழைய ஆயில் வெளியேறிப் புதிய கலவை உள்ளே போக இதுதான் வழி. அதன் பிறகும் உதறினால் மீதியை ஊற்றுங்கள். அளவு மீறினால் உதறல் போய்விடும், கூடவே பூட்டும் திறனும் போய்விடும். உள்சக்கரம் சும்மா சுழலும். ‘எல்.எஸ்.’ என்று குறிப்பிட்ட ஆயில்கள் பலவற்றில் மாடிஃபையர் முன்பே கலந்திருக்கும். டின்னில் உள்ளதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

சரியான கலவையில் இரண்டு முறை ஆயில் மாற்றியும் நிற்கவில்லை என்றால் பிளேட்டுகள் கருகியிருக்கலாம், அல்லது பளபளவென்று மெருகேறியிருக்கலாம். கழற்றுவது அப்போதுதான். பந்தயத்துக்காகக் கடினமான ஸ்பிரிங் போட்ட எல்.எஸ்.டி.யாக இருந்தால் ஓரளவு உதறல் அதன் இயல்பு; அதை நோயாக எண்ண வேண்டாம்.

கேள்வி: 60 கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ‘ஊம்ம்’ என்று முனகுகிறது. காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. எல்.எஸ்.டி. போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

பதில்: மாற்றினாலும் முனகல் அப்படியே இருக்கும். நேராக ஓடும்போது எல்.எஸ்.டி.யின் உள்பாகங்கள் மொத்தமாக ஒரே கட்டியாகச் சுற்றுகின்றன. ஒன்றோடொன்று உரசாத பாகம் எப்படி முனகும்? முனகுவது கிரவுன் – பினியன் பற்கள் (சிறு கியர் பினியன், அது சுழற்றும் பெரிய வளையக் கியர் கிரவுன்), அல்லது பேரிங், அல்லது டயர்.

வேகத்தை மாற்றாமல் நான்கு நிலைகளில் கேளுங்கள்: இழுக்கும்போது, காலை எடுத்து இன்ஜின் பிரேக்கில் வரும்போது, இழுப்பும் தடையும் இல்லாத நூலிழை நிலையில், நியூட்ரலில். இழுக்கும்போது மட்டும் முனகினால் பல்லின் இழுப்புப் பக்கத் தொடர்பு சரியில்லை. இன்ஜின் பிரேக்கில் மட்டும் உறுமினால் முதலில் பினியன் நட்டையும் பினியன் பேரிங்கின் இறுக்கத்தையும் பாருங்கள். நான்கு நிலையிலும் மாறாத உறுமல் பேரிங் அல்லது டயர். சாலைப் பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். லேசாக இடமும் வலமும் வளைக்கும்போது ஒரு பக்கம் ஏறி இறங்கினால் சக்கர பேரிங். பாரம் ஏறும் பக்கம்தான் கத்தும்.

காதை நம்பாதவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. டயரின் சுற்றளவு 1.9 மீட்டர், கிரவுனில் 43 பல், பினியனில் 11 பல் என்று வைத்துக்கொள்வோம். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு சுமார் 8.8 சுற்று. பினியன் 34 சுற்று. பற்கள் கவ்வும் அதிர்வெண் சுமார் 377 ஹெர்ட்ஸ். கைப்பேசியில் ஒலி அலைக்கற்றை காட்டும் செயலியைத் திறந்து, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 377-க்கு அருகில் கம்பம் எழுந்தால் பல். 34-க்கு அருகில் உடம்பில் உணரும் அதிர்வாக வந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (டிஃபரன்ஷியலுக்கு விசை கொண்டுவரும் நீளத் தண்டு) சமநிலை அல்லது பினியன் ஃபிளாஞ்ச் (அந்தத் தண்டைப் பூட்டும் தட்டு). உங்கள் காரின் பல் எண்ணிக்கையைப் போட்டுக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சமீபத்தில் ரப்பர் மவுன்ட் புஷ்ஷுக்குப் பதிலாகப் பாலியூரிதேன் போட்டீர்களா? வெகுநாளாக அங்கே இருந்த சன்ன முனகலை ரப்பர் மறைத்திருக்கும்.

கேள்வி: பின்சக்கரங்கள் இரண்டையும் தூக்கி ஒன்றைக் கையால் சுற்றினேன். மற்றது எதிர்த் திசையில் சுற்றியது. எல்.எஸ்.டி. செத்துவிட்டதா?

பதில்: எந்த வகை என்று தெரியாமல் சொல்ல முடியாது. கிளட்ச் பிளேட் வகையில் இரண்டும் ஒரே திசையில் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் எளிதாகச் சுற்றினால் ஸ்பிரிங் அழுத்தம் போய்விட்டது. டார்சன் வகை, அதாவது பிளேட் இல்லாமல் கியர்களாலேயே பூட்டுவது, பாரம் விழும்போதுதான் பூட்டும். தொங்கும் சக்கரத்தில் பாரமே இல்லை என்பதால் சாதாரண டிஃபரன்ஷியல் போல எதிர்த் திசையில் சுற்றுவது சகஜம். விஸ்கஸ் வகையில் மெதுவாகச் சுற்றினால் எதிர்த் திசையில் போகும், வேகமாகச் சுற்றினால் தேனில் கரண்டி போல இழுக்கும். உள்ளே மூடி அடைத்த சிலிகான் திரவம் கெட்டால் அந்த இழுவையே இராது.

ஒரே மாடலிலேயே வகை மாறும். அமெரிக்காவில் விற்ற முதல் தலைமுறை மஸ்தா எம்.எக்ஸ்-5 காரின் 1.6 லிட்டரில் எல்.எஸ்.டி. விஸ்கஸ், 1994-இல் 1.8 லிட்டர் வந்தபோது டார்சன். முன்னர் யாராவது மாற்றியும் வைத்திருக்கலாம்.

பிளேட் வகைக்குச் சரியான சோதனை டார்க் ரெஞ்ச். முன்சக்கரங்களுக்குக் கட்டை, கியர் நியூட்ரல், கைப்பிரேக் விடுவிப்பு, ஒரு பின்சக்கரம் மட்டும் ஸ்டாண்டில். அந்தச் சக்கரத்தை டார்க் ரெஞ்சால் திருப்பி, அசையத் தொடங்கும் திருகு விசையைப் படியுங்கள். ஃபோர்டின் ட்ராக்‌ஷன்-லாக் வகைக்கு இது 27 நியூட்டன் மீட்டருக்குக் குறையக் கூடாது. உங்கள் காரின் அளவைப் பட்டறைக் கையேட்டில் பாருங்கள்.

ஒரு சக்கரம் தரையில் இருக்கும்போது இன்ஜினை ஓட்டிக் கியர் போடவே கூடாது. எல்.எஸ்.டி. நன்றாக வேலை செய்தால் கார் ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும்.

கேள்வி: ட்ரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை. பயப்பட வேண்டுமா?

பதில்: விரலில் தேய்த்தால் மாவு போல் இருந்தால் இயல்பான தேய்மானம். செதில், ஊசி, பல்லின் விளிம்பு போன்ற துண்டு கிடைத்தால் காரை ஓட்டாமல் திறந்து பாருங்கள். அடுத்த முறை, வடிக்கும் பிளக்கைக் கழற்றும் முன் நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். இறுகிப்போன நிரப்பும் பிளக்கை, ஆயிலை வடித்த பிறகு கண்டுபிடிப்பது மகா எரிச்சல்.

கேள்வி: ஒரு பின்டயர் புதியது, மற்றது பாதி தேய்ந்தது. எல்.எஸ்.டி.க்குக் கேடா?

பதில்: ஆமாம். ட்ரெட் ஆழத்தில் 5 மி.மீ. வித்தியாசம் என்றால் சுற்றளவில் 31 மி.மீ. வித்தியாசம். 1.9 மீட்டர் டயருக்கு ஒரு கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 16 மீட்டர். நேர்ச்சாலையில்கூட அந்த 16 மீட்டரைப் பிளேட்டுகள் வழுக்கியே ஈடுகட்ட வேண்டும். சூடேறி ஆயில் கருகும். பின்டயர்களை ஜோடியாக மாற்றுங்கள்.

கேள்வி: ஆக்ஸிலரேட்டரை விட்டு மறுபடி அழுத்தும்போது ‘டங்’ என்று ஓர் அடி. கிரவுன் – பினியன் இடைவெளியைக் குறைத்தால் சரியாகுமா?

பதில்: அதில் கை வைக்க வேண்டாம். கிரவுன் விளிம்பில் 0.15 மி.மீ. இடைவெளி என்பது, 90 மி.மீ. ஆரமுள்ள கிரவுனுக்குப் பினியன் பக்கம் அரை டிகிரிகூட இல்லை. ஃபிளாஞ்ச் விளிம்பில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அசைவு. காதில் ‘டங்’ என்று விழும் ஆட்டம் வேறெங்கோ இருக்கிறது.

கைப்பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் வைத்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் முன்னும் பின்னும் திருப்புங்கள். ஷாஃப்ட் அசைந்து ஃபிளாஞ்ச் அசையாவிட்டால் கிராஸ் ஜாயின்ட். ஃபிளாஞ்ச்சும் ஆக்ஸில் ஃபிளாஞ்ச்சும் சேர்ந்து ஆடினால் ஆக்ஸில் ஜாயின்ட் அல்லது ஹப் ஸ்ப்ளைன். பினியன் ஃபிளாஞ்ச் சில மில்லிமீட்டர் ஆடியும் ஆக்ஸில் ஃபிளாஞ்ச் அசையாவிட்டால் உள்ளே பக்கவாட்டுக் கியர்களும் அவற்றின் வாஷர்களும் தேய்ந்திருக்கின்றன. ஹவுசிங்கே எகிறினால் மவுன்ட் புஷ். பெரும்பாலும் கடைசியில் சொன்னதுதான். விலையும் குறைவு என்பதால் அதையே முதலில் பாருங்கள்.

கேள்வி: பிளேட்டுகளை மட்டும் நானே மாற்ற நினைக்கிறேன். எங்கே சறுக்கும்?

பதில்: பேரிங் கேப்புகளில். அவை ஹவுசிங்கோடு சேர்த்தே கடைந்தவை. இடம் வலம் மாறினால் பேரிங் நெரியும். கழற்றும் முன் சென்டர் பஞ்ச் (குறியிடும் கூர் உளி) கொண்டு குறியிடுங்கள். இரு பக்க ஷிம்களையும் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) தனித்தனியே கட்டி வையுங்கள். கிரவுன் போல்ட் எதிர்த் திசை மரையாக இருக்கலாம். கழலவில்லை என்று நீளக் கம்பி மாட்டும் முன் போல்ட் தலையில் திசைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். பினியன் நட்டைத் தொடவே வேண்டாம். தொட்டால் நசுங்கும் ஸ்பேசரையும் புதிதாகப் போட வேண்டி வரும்.

பழைய அடுக்கின் வரிசையைப் படமெடுத்து, ஒவ்வொரு பிளேட்டையும் மைக்ரோமீட்டரால் நான்கு இடங்களில் அளந்து எழுதுங்கள். புதிய பிளேட்டுகளை மாடிஃபையர் கலந்த ஆயிலில் ஊறவைத்த பிறகே அடுக்குங்கள்; உலர்ந்து போனால் முதல் திருப்பத்திலேயே கீறல் விழும். ஹவுசிங்கில் ஏற்றும் முன் மேசையிலேயே திருகு விசையை அளந்துகொள்ளுங்கள். ஏற்றிய பின் டயல் கேஜை வைத்துக் கிரவுனில் நான்கு இடங்களில் இடைவெளி பாருங்கள். கழற்றும் முன் எடுத்த அளவோடு ஒத்துப்போனால் மூடிவிடலாம்.