படம் முடிந்ததும் என்ன பேசுவது?

நண்பர்களோடு சேர்ந்து படமும் தொடரும் பார்த்து விவாதிப்பது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

நாங்கள் ஏழு பேர் மாதம் ஒருமுறை கூடிப் படம் பார்க்கிறோம். முடிந்ததும் ‘சூப்பர்’, ‘மொக்கை’ என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடுகிறது. உருப்படியாகப் பேச என்ன வழி?
– வாசகர், திருச்சி

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுவதால் வரும் வினை இது. ‘மொக்கை’ என்று வாயில் வந்துவிட்டால், சொன்னவர் மீதி நேரம் முழுக்க அந்தச் சொல்லைக் காப்பாற்றவே பேசுவார். ஆகவே முதல் இருபது நிமிடத்துக்குப் பிடித்தது, பிடிக்காதது என்ற பேச்சே வேண்டாம். ஆளுக்கு ஒரு காட்சி சொல்லட்டும். எந்த இடம், அதில் கண்ணில் பட்டது என்ன, காதில் விழுந்தது என்ன? இவ்வளவுதான். ஒருவருக்கு இரண்டு நிமிடம் போதும். குறைவாகப் பேசுகிறவரிடமிருந்து ஆரம்பியுங்கள். சரளமாகப் பேசுகிறவர் முந்திக்கொண்டால் மற்றவர்கள் அவர் சொன்னதை ஒட்டியோ வெட்டியோ மட்டும்தான் பேசுவார்கள்.

பிறகு, இரண்டு மூன்று பேர் குறிப்பிட்ட காட்சி ஒன்றை மறுபடி ஓடவிடுங்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். முதலில் சத்தம் இல்லாமல். அடுத்து, திரையைத் துணியால் மூடிவிட்டுச் சத்தம் மட்டும். கடைசியில் இரண்டும் சேர்த்து. சத்தம் இல்லாதபோதுதான் யார் எங்கே நிற்கிறார், கேமரா யார் முகத்தில் தங்குகிறது, ஷாட் எந்த நொடியில் மாறுகிறது என்பதெல்லாம் தெரியும். சத்தம் மட்டும் கேட்டால், பின்னணி இசை எந்த வசனத்துக்குப் பிறகு நுழைகிறது என்பது பிடிபடும். நம்மை அழவைத்தது நடிகரா, வயலினா என்ற வாக்குவாதத்துக்கு இதைவிட நல்ல பரிசோதனை கிடையாது.

பயிற்சிக்கு ஒரு படம் சொல்ல வேண்டுமென்றால், எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954). பாடல் ஒன்றுகூட இல்லாத படம். ஒரு கொலை, விசாரணையில் ஒவ்வொருவரும் தன் கோணத்தில் ஒரு கதை சொல்கிறார்கள். படம் போடுவதற்கு முன்பே ஆளுக்கு ஒரு சாட்சியைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். தன் சாட்சி பேசும் பகுதியில், கொலையானவராக நடித்த சிவாஜி கணேசனின் குரல் எப்படி இருக்கிறது, முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, யாரைச் சந்தேகப்பட வைக்கிறார்கள் என்று மட்டும் அவர் குறித்துக்கொள்ளட்டும். கொலையாளி யார் என்று முன்பே தெரிந்தவருக்கும் இதில் வேலை இருக்கும்.

எங்கள் குழுவில் ஒருவர் தீவிர ரசிகர். அவருடைய நடிகரைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னாலும் கோபித்துக்கொள்கிறார். அவரைக் கூப்பிடாமல் விட்டுவிடலாமா?
– வாசகி, ஈரோடு

விட்டுவிடாதீர்கள். அந்த நடிகரின் எல்லாப் படங்களையும் மனப்பாடமாக வைத்திருப்பவர் அவர்தான். ‘இதே கோபத்தை இதற்கு முன் எந்தப் படத்தில் காட்டினார், இதில் என்ன மாற்றியிருக்கிறார்?’ என்று கேட்டுப் பாருங்கள், மற்றவர் யாராலும் தர முடியாத பதில் வரும். கூடவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: கதையைப் பற்றிப் பேசும்போது கதாபாத்திரத்தின் பெயரைத்தான் சொல்ல வேண்டும், நடிகரின் பெயரை அல்ல. ‘அவர் ஏன் அப்படிச் செய்தார்?’ என்பது பாத்திரத்தைப் பற்றிய கேள்வியானால் யாருக்கும் கோபம் வராது.

பார்த்த படத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது எங்கள் குழுவின் வழக்கம். நான் எழுதினால் வெறும் கதைச் சுருக்கமாகப் போய்விடுகிறது.
– வாசகர், நாகர்கோவில்

முந்நூறு சொல் எழுதுவதானால் கதைக்கு அறுபது சொல் மட்டும் ஒதுக்குங்கள். அதிலும் முதல் அரை மணி நேரத்தில் நடப்பதைத் தாண்ட வேண்டாம். படம் பார்க்கும்போது வாக்கியமாக எழுத முயலாதீர்கள். எழுதி முடிப்பதற்குள் இரண்டு ஷாட் போய்விடும். ‘குடை’, ‘கதவுச் சத்தம்’ என்று ஒரு சொல்லும் பக்கத்தில் நேரமும் போதும். செல்போனில் வேண்டாம், அந்த வெளிச்சம் பக்கத்தில் இருப்பவரையும் கெடுக்கும். அன்று இரவே அந்தச் சொற்களை விரித்து எழுதிவிடுங்கள். இரண்டு நாள் விட்டால் ‘குடை’ எதற்கு என்றே மறந்துபோகும்.

எழுதியதில் ‘இரண்டாம் பாதி இழுவை’ என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு மறுபடி யோசியுங்கள். அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. இடைவேளையில் படம் எழுப்பிய கேள்வி சீக்கிரமே தீர்ந்துபோய், அதற்குப் பிறகும் நாற்பது நிமிடம் ஓடலாம். நமக்குத் தெரிந்த ஒரே செய்தியை மூன்று பாத்திரங்கள் மூன்று காட்சிகளில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அல்லது இடைவேளைக்குப் பிறகு புதிதாக ஒரு வில்லன் வந்து, அவருக்கு ஒரு பின்கதை, அதற்கு ஒரு பாட்டு என்று கதை முதலிலிருந்து தொடங்கலாம். எது என்று கண்டுபிடித்து, எந்தக் காட்சி என்று காட்டினால் அதுதான் விமர்சனம்.

மெதுவாகப் போவது வேறு, இழுவை வேறு. பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) நிதானமாகப் போகும் படம்; ஆனால் பணம், அனுமதி, கட்ட ஆள் என்று வீடு கட்டும் பெண்ணின் நிலைமை காட்சிக்குக் காட்சி நகர்ந்துகொண்டே இருக்கும். அதில் ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் இயக்குநரே செய்தவை. எல்லாப் படத்திலும் அப்படி இருக்காது. ஒரு வசனத்தையோ படத்தொகுப்பையோ பாராட்டும் முன் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, செய்தவர் பெயரை எழுதுங்கள். எல்லாப் புகழையும் இயக்குநருக்கே கொடுப்பது நியாயமில்லை.

எட்டு எபிசோடு வெப் சீரிஸ். ஒருவர் ஒரே இரவில் முடித்துவிடுகிறார், இன்னொருவர் இரண்டாவதிலேயே நிற்கிறார். எப்படிப் பேசுவது?
– வாசகி, மதுரை

எட்டு எபிசோடையும் மூன்று கூட்டத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்: இரண்டு, மூன்று, மூன்று. முதல் இரண்டு எபிசோடில்தான் பாத்திரங்களின் பெயரும் உறவும் குழப்பும். அதைத் தனியாகப் பேசித் தெளிந்துகொண்டால் பிறகு தடுமாற்றம் இருக்காது. கூட்டத்துக்கு ஒன்றாக வாட்ஸ்அப் குழுவையும் தனியாக வைத்து, பெயரிலேயே ‘எபி 2 வரை’ என்று போட்டுவிடுங்கள். முன்னே பார்த்து முடித்தவர் கூட்டத்துக்கு வரலாம், ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்று ஊகம் கேட்கும் சுற்றில் வாய் திறக்கக் கூடாது. சிரித்தாலே விஷயம் வெளியே வந்துவிடும். அவருக்கு நேரம் பார்க்கும் பொறுப்பைக் கொடுங்கள்.

குடியிருப்புச் சங்க ஹாலில் ஓ.டி.டி. சந்தாவை வைத்து எல்லோருக்கும் படம் போடலாமா?
– வாசகர், கோவை

கூடாது. அந்தச் சந்தா பொதுவாகச் சொந்த உபயோகத்துக்கு மட்டும் கொடுக்கப்படுவது. ஹாலில் திரையிடப் படத்தின் உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். டிக்கெட் வசூலிக்கவில்லை என்பது அனுமதிக்கு ஈடாகாது. குழந்தைகளும் வருவார்களென்றால் தணிக்கைச் சான்றிதழையும் பாருங்கள்: 2024 முதல் யு/ஏ (பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம்) என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது.

புது டி.வி.யில் பழைய படம் போட்டால் சீரியல் மாதிரி வழவழவென்று தெரிகிறது. வசனமும் சரியாகக் கேட்கவில்லை.
– வாசகர், சேலம்

படம் நொடிக்கு 24 பிரேம் (தனித்தனி நிழற்படம்), டி.வி. இடையிடையே தானாகப் பிரேம்களை உண்டாக்கிச் செருகுவதால் வரும் வழவழப்பு அது. பிக்சர் செட்டிங்கில் எல்ஜி என்றால் ட்ரூமோஷன், சோனி என்றால் மோஷன்ஃப்ளோ என்ற பெயரில் இருப்பதை அணைத்துவிடுங்கள். படத்தை எடுத்தவர் நினைத்தபடியே காட்டும் பிலிம்மேக்கர் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். வசனம் அமுங்கினால், படம் 5.1 ஒலியில் (ஆறு ஸ்பீக்கருக்கெனப் பிரித்த ஒலி) ஓடுகிறதா என்று பாருங்கள். அதில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வரும். இரண்டு ஸ்பீக்கர் மட்டுமே உள்ள டி.வி.யில் அது இசைக்கு அடியில் போய்விடக்கூடும். ஆடியோ பட்டியலில் ஸ்டீரியோவுக்கு (இரண்டு ஸ்பீக்கருக்கான ஒலி) மாற்றிப் பாருங்கள். நண்பர்கள் வருவதற்கு முன்பே ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுச் சரிசெய்துவிடுங்கள்.