டூல் ரெடி, ஆளைத்தான் காணோம்

கேள்வி: அண்ணா, நான் கோவைல ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனில பேக்எண்ட் பாக்குறேன். நைட்டு நைட்டா உக்காந்து மூணு மாசத்துல ஒரு கமாண்ட் லைன் டூல் (டெர்மினல்ல டைப் பண்ணி ஓட்டுறது) எழுதிருக்கேன். நம்ம லேப்டாப்ல இருக்கிற என்வ் ஃபைலையும் (பாஸ்வேர்டு, செட்டிங்ஸ் எல்லாம் கீ-வேல்யூவா எழுதி வெக்கிற ஃபைல்) சர்வர்ல இருக்கிறதையும் ஒப்பிட்டு எந்த கீ விட்டுப்போச்சுன்னு டிப்ளாய் பண்றதுக்கு, அதாவது கோட சர்வர்ல ஏத்துறதுக்கு, முன்னாடியே சொல்லிடும். கோட் பகிர்ற கிட்ஹப்ல போட்டேன், லிங்க்ட்இன்ல போட்டேன், எல்லாரும் சூப்பர் மச்சின்னு ஸ்டார் போட்டாங்க. ஆனா ஒருத்தர் கூட யூஸ் பண்ற மாதிரி தெரியல, ஒரு இஷ்யூ (கிட்ஹப்ல எழுதுற புகார்) கூட வரல. முதல் யூசர்ஸை எங்க போய் பிடிக்கிறது? (பேர் போடாதீங்க, எங்க மேனேஜர் உங்க பத்திரிகை படிப்பார்.)

பதில்: தம்பி, முதல்ல அந்த ஸ்டாரை மறந்துருங்க. அது மொய் மாதிரி, நீங்க அவங்களுக்கு வெச்சீங்க, அவங்க திருப்பி வெக்கிறாங்க, அவ்ளோதான்.

ஆளு தேடி ரொம்ப தூரம் போக வேணாம். சர்வர்ல ஒரு கீ இல்லாம டிப்ளாய் ஊத்திக்கிட்டு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஆஃபீஸ்ல உக்காந்திருந்த ஒருத்தர் உங்க கம்பெனிலயோ பக்கத்து கம்பெனிலயோ கண்டிப்பா இருப்பார். அவரைப் பிடிங்க. பாத்ததும் டூலைக் காட்டிராதீங்க, டீ வாங்கிக் குடுத்துட்டு அன்னைக்கு என்ன ஆச்சு, கடைசில எப்படி கண்டுபிடிச்சீங்கன்னு மட்டும் கேளுங்க. லினக்ஸ் எழுதின லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்னைக்கு, நான் ஒரு ஓஎஸ் எழுதிட்டிருக்கேன்னு மினிக்ஸ்ங்கிற இன்னொரு ஓஎஸ் யூஸ் பண்ற ஆளுங்ககிட்ட சொன்னப்ப என்ன கேட்டார் தெரியுமா, உங்களுக்கு மினிக்ஸ்ல எது புடிச்சிருக்கு எது புடிக்கலைன்னு. தன்னோடதை அப்ப இன்னும் வெளியவே விடல அவர்.

அடுத்து அவர் பக்கத்துல உக்காந்து அவரையே இன்ஸ்டால் பண்ண விடுங்க. ஸ்ட்ரைப்ங்கிற பேமெண்ட் கம்பெனி ஆரம்பிச்ச காலிசன் பிரதர்ஸ், யாராவது டிரை பண்றேன்னா லிங்க் அனுப்புறேன்னு சொல்ல மாட்டாங்களாம், லேப்டாப்பை இப்படி குடுங்கன்னு வாங்கி அங்கயே செட்டப் பண்ணிருவாங்களாம். ஆளைப் பிடிக்கிறதுக்கு அது சரி, ஆனா உங்களுக்கு ஃபீட்பேக்கும் வேணும்ல, அதனால கீபோர்ட தொடாதீங்க, வாயையும் தொறக்காதீங்க. அதுதான் கஷ்டம்.

என் கதையைச் சொல்றேன். நான் லாக் ஃபைல்ல எரர் தேடுற ஒரு டூல் எழுதி, டெஸ்டிங் டீம்ல இருந்த ஒரு அக்காகிட்ட குடுத்தேன். ரீட்மீல (டூலோட வர்ற விளக்க ஃபைல்) ஒரே நிமிஷத்துல இன்ஸ்டால்னு பெருமையா போட்டிருந்தேன், அவங்களுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் ஆச்சு, பைத்தான் வெர்ஷன் வேற. அப்புறம் கமாண்ட அடிச்சாங்க, உடனே எரர். என்னன்னு பாத்தா அவங்க ஃபோல்டர் பேர்ல நடுவுல ஒரு ஸ்பேஸ் இருக்கு, என் கோடு அங்க ரெண்டா உடைஞ்சு போகுது. அவங்க என்ன சொன்னாங்கன்னா, "நான்தான் ஏதோ தப்பா அடிச்சிட்டேன் போலப்பா." எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. இஷ்யூ ஏன் வரலைன்னு கேக்குறீங்கல்ல, பாதி பேர் இப்படித்தான் தப்பு தன்மேலன்னு நினைச்சு டெர்மினல மூடிட்டு போயிருப்பாங்க. ஒருவழியா ஓடினதுக்கப்புறம் அந்த அக்கா ரிசல்ட்ட மவுசால செலக்ட் பண்ணி எக்செல்ல ஒட்டி, வரி வரியா கையால பிரிச்சிட்டிருந்தாங்க. நான் கலர் கலரா அவுட்புட் வர்றதுக்கு ரெண்டு வாரம் செலவழிச்சிருந்தேன், அவங்களுக்குத் தேவைப்பட்டது எக்செல்ல அப்படியே திறக்கிற சிஎஸ்வி ஃபைல். அன்னைக்கு ராத்திரியே போட்டேன், பத்து வரி கோடு, அடுத்த வாரம் அவங்களே இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தாங்க.

கல்யாணத்துல சாப்பாடு எப்படின்னு கேட்டா எல்லாரும் பிரமாதம்னுதான் சொல்லுவாங்க, இலைல என்ன மிச்சம் இருக்குன்னு பாத்தாதான் விஷயம் தெரியும்.

இப்படி அஞ்சாறு பேர் ஆனப்புறம் வெளிய போங்க. சென்னைபை (பைத்தான் ஆளுங்க குரூப்) மாதிரி மாசாமாசம் கூடுற குரூப் இருக்கு, ஓபன் சோர்ஸ் அமைப்பான ஃபாஸ் யுனைட்டெட் ஆளுங்க பல ஊர்ல மீட்டப் போடுறாங்க. ஸ்லைடு வேணாம், ஒரு ரிப்போவ (புராஜெக்ட் கோட் ஃபோல்டர) எடுத்து வேணும்னே ஒரு கீய அழிச்சிட்டு டூல ஓட்டிக் காட்டுங்க, ரெண்டு நிமிஷம் போதும். அப்புறம் ஆளுங்க ஏற்கெனவே இருக்கிற இடத்துல டூல வைங்க. ஏபிஐ டெஸ்ட் பண்ற போஸ்ட்மேன் 2012ல வெறும் குரோம் எக்ஸ்டென்ஷனா தான் வந்துச்சு, பெங்களூர்ல அபினவ் அஸ்தானா தன் சொந்தத் தேவைக்கு எழுதி குரோம் ஸ்டோர்ல சும்மா போட்டது, கம்பெனி ஆனது 2014ல.

கேள்வி: ஒருத்தர் விண்டோஸ் சப்போர்ட் கேக்குறார், ஒருத்தர் யாமல் ஃபைல் ஃபார்மேட்டும் வேணும்கிறார், இன்னொருத்தர் இதை நாலு வரி பாஷ் ஸ்கிரிப்ட்லயே பண்ணலாமேங்கிறார். யார் சொல்றதைக் கேக்குறது?

பதில்: கேக்குறவர் டூலை இந்த வாரம் ஓட்டினாரான்னு பாருங்க. ஓட்டாதவர் கேக்குற ஃபீச்சர் அவருக்கே தேவைப்படாது, சும்மா பேச்சுக்குக் கேக்குறது. ஓட்டுறவங்கள்ல ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ரெண்டு பேர் அதே இடத்துல மாட்டினா அன்னைக்கே சரி பண்ணுங்க. பாஷ் ஆளு விஷயத்துல டென்ஷன் ஆகாதீங்க, 2007ல ஃபைல் சேமிக்கிற டிராப்பாக்ஸை, டெக் ஆளுங்க பேசுற ஹேக்கர் நியூஸ் சைட்ல காட்டினப்பவும் இதை எஃப்டிபி (ஃபைல் அனுப்புற பழைய முறை) வெச்சு நாமளே பண்ணிக்கலாமேன்னு ஒருத்தர் சொன்னார். அவரால முடியும், அவருக்கு வேணாம், விட்ருங்க.

கேள்வி: யார் யூஸ் பண்றாங்கன்னு தெரிஞ்சுக்க டூலுக்குள்ளயே டெலிமெட்ரி (யூஸ் பண்ற விவரத்த தானா நமக்கு அனுப்புறது) வெக்கலாமா?

பதில்: வேணவே வேணாம். 2023ல கூகுளோட கோ லாங்குவேஜ் டீம் டீஃபால்ட்டா ஆன்ல இருக்கிற டெலிமெட்ரி வெக்கலாம்னு ஒரு யோசனை சொன்னாங்க, வந்த எதிர்ப்புல, வேணும்கிறவங்க ஆன் பண்ணிக்கட்டும்னு மாத்த வேண்டியதாச்சு. கூகுள் ஆளுங்களுக்கே அந்த கதி. உங்க டூல் படிக்கிறது என்வ் ஃபைல், டேட்டாபேஸ் பாஸ்வேர்டுல இருந்து பேமெண்ட் கீ வரைக்கும் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும். முன்னப்பின்ன தெரியாதவர் எழுதின புரோகிராம அதுமேல ஓட்ட யாருக்கு தைரியம் வரும்? எனக்கென்னவோ உங்க டூலை ஆளுங்க தொடாததுக்கே இதுதான் பெரிய காரணம்னு தோணுது. கீ பேரை மட்டும்தான் ஒப்பிடும், வேல்யூவ எங்கயும் அனுப்பாது, நெட்ட கட் பண்ணிட்டு ரெண்டு ஃபைல குடுத்தாலும் ஓடும்னு ரீட்மீல முதல் பாராலயே போடுங்க, அது நிஜமாவும் இருக்கணும். எண்ணிக்கை தெரியணும்னா டவுன்லோட் கவுண்ட்ட பாருங்க, ஆனா அதுல பாதி, கோட தானா டெஸ்ட் பண்ற சிஐ மெஷின் திரும்பத் திரும்ப எடுக்குறதா இருக்கும், ரொம்ப சந்தோஷப்பட்டுராதீங்க.

கேள்வி: டூலுக்கு 'என்வைரன்மெண்ட்கார்டியன்'னு பேர் வெச்சிருக்கேன், ஓகேவா?

பதில்: ஒருநாள் முழுக்க அதை டெர்மினல்ல அடிச்சுப் பாருங்க, சாயங்காலம் நீங்களே மாத்திருவீங்க.