ஒரே கட்டத்தில் சேராத இரண்டு புற்கள்: காரணம் போட்டிதானா?

வணக்கம். நிலத்தில் சதுரங்களாக அளந்து நீங்கள் கணக்கெடுத்த கட்டங்களில் இரண்டு புல்லினங்களும் அரிதாகவே சேர்ந்து காணப்படுவதால், ஒன்று மற்றொன்றைப் போட்டியால் விலக்குகிறது என்று ஆய்வேட்டில் எழுதலாமா எனக் கேட்டிருந்தீர்கள். பரவல் தரவை மட்டும் வைத்து அப்படி எழுத வேண்டாம். ஏனெனில் ஒன்று ஈர மண்ணையும் மற்றொன்று வறண்ட மண்ணையும் நாடினாலும், மேயும் விலங்குகள் ஓரிடத்தில் ஒன்றை மட்டும் தின்று தீர்த்தாலும், இதே தோற்றம்தான் கிடைக்கும்.

சூழலியலாளர் ஜோசப் கானல் 1961இல் வெளியிட்ட ஆய்வை அவசியம் படியுங்கள். ஸ்காட்லாந்தின் கடற்பாறைகளில் பார்னக்கிள் எனப்படும், பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிரிகளில் தாமலஸ் என்பது மேற்பகுதியிலும், பலானஸ் என்பது அதற்குக் கீழேயும் வாழ்ந்தன. பலானஸை அவர் அகற்றிய இடங்களில் தாமலஸ் கீழேயும் நன்றாகப் பிழைத்தது. அகற்றாத இடங்களில் வேகமாக வளர்ந்த பலானஸ் அதை மூடியும் நெம்பியும் அழித்தது. ஆனால் பலானஸ் மேலே பரவாததற்குக் காரணம் தாமலஸ் அன்று, கடல்நீர் வடிந்த நேரத்து வறட்சி. ஒரே எல்லையின் இரு புறமும் வெவ்வேறு காரணங்கள் இயங்கின என்பதே இதில் மிக முக்கியமானது என்று கருதுகிறேன்.

ஆகவே, ஓர் இனத்தின் நாற்றுகளை மற்றதன் இடத்தில், அந்த மற்ற இனம் நீக்கப்பட்ட கட்டங்களிலும் நீக்கப்படாத கட்டங்களிலும் நட்டு, மேய்ச்சல் புகாமல் வேலியிட்டு, வளர்ச்சியை அளந்து ஒப்பிடுங்கள். நீக்கிய கட்டங்களில் மட்டும் செழித்தால் போட்டி உண்டு. இரண்டிலும் நலிந்தால் மண்ணின் ஈரத்தையும் சத்தையும் ஆராயுங்கள். இதையே எதிர்த்திசையிலும் செய்ய வேண்டும். அதற்குக் காலம் இல்லையெனில், போட்டி ஒரு காரணமாக இருக்கலாம் என்ற அளவில் எழுதுங்கள்.