கல்ஃப்ல ஓட்டுன அதே பிராண்ட் காரை ஊர்ல வாங்குனா அதே மாதிரி உழைக்குமா? டொயோட்டா, ஹூண்டாய், ஜெர்மன் கார்ல எது நல்லது?

பிராண்ட் பேரை மட்டும் பாத்து வாங்காதீங்கன்னுதான் சொல்லுவேன்.

ஷார்ஜாவுல வேலை பாத்தப்போ எனக்கும் டொயோட்டான்னா கண்ணை மூடிட்டு எடுக்கலாம்னுதான் நெனப்பு, பக்கத்துல துபாய்ல டாக்ஸியில பாதி டொயோட்டா கேம்ரிதான், அந்த வெயில்லயும் ஏசி சும்மா குளுகுளுன்னு இருக்கும். ஆனா அது கல்ஃபுக்குன்னே செஞ்ச வண்டி, ஜிசிசி ஸ்பெக்னு சொல்லுவாங்க, கூலிங் சிஸ்டம், ஏசி எல்லாம் அந்த சூட்டுக்கு ஏத்தமாதிரி இருக்கும். அதே மாடல் அமெரிக்காவுல அடிபட்டு, ஏலத்துல எடுத்து கப்பல்ல வந்து, கல்ஃப்ல பெயின்ட் அடிச்சு விக்கிறதும் உண்டு, விலை கம்மிதான், விவரம் தெரிஞ்சவன் கிட்டயே போக மாட்டான்.

இப்ப ஊருக்கு வாங்க. டொயோட்டா கிளான்சான்னு 2019ல வந்துச்சே, அது மாருதி பலேனோதான், லோகோவும் முன்பக்க டிசைனும்தான் கொஞ்சம் மாறும். கெட்ட வண்டின்னு சொல்லல, ஆனா கேம்ரியை மனசுல வச்சுட்டு அதை வாங்குனா ஏமாந்துடுவீங்க. டொயோட்டா ஹைரைடர் இன்னும் வேடிக்கை, ஒரே கார்ல மைல்டு ஹைப்ரிட் (பேட்டரி இன்ஜினுக்கு கொஞ்சம் உதவி மட்டும் பண்ணும்) எடுத்தா சுசுகி இன்ஜின், ஸ்ட்ராங் ஹைப்ரிட் (கொஞ்ச தூரம் பேட்டரியிலயே ஓடும்) எடுத்தா டொயோட்டா இன்ஜின். ஹூண்டாய் கதை தலைகீழ், கல்ஃப்ல ஆக்சென்ட்னு ஓடுன வண்டிங்க நெறைய நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து கப்பல் ஏறுனதுதான்!

ஜெர்மன் கார் ரிப்பேர் செலவு வைக்கும்னு எல்லாரும் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஃபோக்ஸ்வாகன் குரூப்போட 7 ஸ்பீடு டிஎஸ்ஜி, அதாவது ஆயில்ல நனையாத ட்ரை கிளட்ச் ரெண்டு வச்ச ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், சூடும் புழுக்கமும் சேர்ந்த ஊர்ல டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து போறப்போ மக்கர் பண்ணுச்சு, 2013ல சீனாவுல மட்டும் முதல்ல 3.8 லட்சம் வண்டியை திரும்ப கூப்பிட்டாங்க, ஆஸ்திரேலியாவுலயும் அப்படித்தான், அப்புறம் கியர்பாக்ஸ் உள்ள இருந்த சிந்தெடிக் ஆயிலை எடுத்துட்டு மினரல் ஆயில் ஊத்துனாங்க. அதே கம்பெனியோட 1.0 டர்போ மேனுவல்ல இந்த தலைவலியே கிடையாது. அதனால பிராண்ட் எதுன்னு கேக்குறதை விட கியர்பாக்ஸ் எதுன்னு கேக்கணும்.

அமெரிக்க சர்வே லிஸ்ட்டை யாராவது ஃபார்வர்டு பண்ணா அப்படியே நம்பிடாதீங்க. ஜேடி பவர்ங்கற சர்வே கம்பெனி மாதிரி கணக்குல போன் கனெக்ட் ஆகலன்னா அதுவும் ஒரு பிரச்சனைதான், இன்ஜின் போனாலும் ஒரு பிரச்சனைதான்.

சொகுசு வேற விஷயம். ஜெர்மன் சஸ்பென்ஷன் கொஞ்சம் டைட்டு, பைபாஸ்ல 120ல போனாலும் ரோட்டை புடிச்சிட்டு போகும், ஊருக்குள்ள ஸ்பீடு பிரேக்கர்ல பின்சீட்டுல இருக்கற அம்மா அப்பா திட்டுவாங்க. சொகுசு மட்டும்தான் வேணும்னா சிட்ரோயன் ஒருதடவை ஓட்டிப் பாருங்க, குழி தெரியாம மெத்துன்னு போகும், ஆனா சர்வீஸ் சென்டர் உங்க ஊர்ல இருக்கான்னு முதல்ல பாருங்க.

என்னை கேட்டா புதுசுன்னா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைப்ரிட், பெரிய குடும்பம்னா செகண்ட்ஸ்ல இன்னோவா கிரிஸ்டா டீசல். கிரிஸ்டா எடுக்கறப்போ ஆர்சியை நல்லா பாருங்க, டிராவல்ஸ்ல மஞ்சள் போர்டா ஓடிட்டு வெள்ளை போர்டுக்கு மாத்துன வண்டி நெறைய சுத்துது.