ஓர் எண்ணைப் பூட்டி வைப்பதா, கைமாற்றுவதா? சிராக்யூஸின் 44

“அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணிகள் தங்கள் பழைய நட்சத்திர வீரர்களைக் கொண்டாட, அவர்கள் அணிந்த எண்ணை இனி யாருக்கும் தராமல் நிறுத்திவிடுகின்றனவே, அதுதான் சிறந்த மரியாதையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதே என் பதில். கையில் பந்தை ஏந்தி ஓடும் இந்த விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாமல் நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கு முதுகலை படிக்கப் போன எனக்கு, அங்கே 44 என்ற ஓர் எண்ணின் கதையைத் தெரிந்துகொண்ட பிறகே இந்தக் கருத்து உருவானது. ஆகவே அந்த எண்ணை வைத்தே பதில் சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு வந்த முதல் கடித உறையில் அஞ்சல் குறியீடு 13244 என்று இருந்தது. அங்குள்ள அலுவலகத் தொலைபேசி எண்களோ 443 என்று தொடங்கின. இரண்டிலும் 44 ஒளிந்திருப்பதை ஆய்வகத்தில் மூத்த மாணவர் ஒருவர் சுட்டிக்காட்டி, கால்பந்து அணியின் ஒரு ஜெர்சி எண்ணுக்காகவே பல்கலைக்கழகம் இவற்றைக் கேட்டு வாங்கியது என்று சொன்னபோது, புதிதாக வந்தவனிடம் கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். அது உண்மை என்று தெரிந்த அன்றுதான், அந்த ஜெர்சியை அணிந்தவர்கள் யார் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

முதலாமவர் ஜிம் பிரௌன். 1954 முதல் 1956 வரை விளையாடியவர். அணியில் அப்போது இருந்த ஒரே கறுப்பின வீரர் அவர்தான். தொடக்கத்தில் அவருக்கு விளையாட்டு உதவித்தொகைகூடக் கிடையாது. அவருடைய ஊரைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் தெரிந்தவர்களிடம் பணம் திரட்டித்தான் அவரைப் படிக்க வைத்தார். 1956 நவம்பரில் கோல்கேட் அணிக்கு எதிராக அவர் ஒருவரே 6 டச்டவுன்களையும் (பந்தோடு எதிரணியின் எல்லைக்குள் நுழைவது, ஒவ்வொன்றுக்கும் 6 புள்ளி), அவற்றைத் தொடரும் கூடுதல் உதைகளில் 7 புள்ளிகளையும் சேர்த்து மொத்தம் 43 புள்ளிகள் எடுத்தார். ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாக்கெடுப்பில் அவருக்கு அந்த ஆண்டு கிடைத்தது ஐந்தாம் இடம். கோப்பை போனது, 10 ஆட்டங்களில் 8-இல் தோற்ற நோட்ர டேம் அணியின் வீரருக்கு. இதற்கு என்ன காரணம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாமவர் எர்னி டேவிஸ். எல்மைரா என்ற சிறு நகரத்துப் பையன். எத்தனையோ கல்லூரிகள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, சிராக்யூஸுக்கு வரும்படி கேட்டவர்களில் பிரௌனும் ஒருவர். வந்தவருக்குக் கிடைத்தது பிரௌனின் 44. 1959 பருவத்தில் சிராக்யூஸ் தேசிய வாகை சூடியது. 1960 ஜனவரி 1 அன்று டல்லஸில் நடந்த காட்டன் பவுல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் டெக்சஸ் அணியை 23-க்கு 14 என்ற கணக்கில் வென்றது. தொடைத் தசை பிடித்துக்கொண்டிருந்த நிலையில் ஆட வந்த டேவிஸ், ஆட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே 87 கஜம் கண்ட ஒரு பாஸைப் பிடித்து டச்டவுன் அடித்தார். ஆட்டத்தின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. ஆனால் அன்றிரவு விருந்து நடந்த இடத்தில் நிறப்பிரிவினை நடைமுறையில் இருந்ததால், விருதை வாங்கிக்கொண்டு கறுப்பின வீரர்கள் வெளியேறிவிட வேண்டும் என்று சொல்லப்பட்டது. மறு ஆண்டு, 1961-இல், பிரௌனுக்குக் கிடைக்காத ஹைஸ்மன் கோப்பை டேவிஸுக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் கறுப்பின வீரர் அவர்தான். அதற்காக அவர் நியூயார்க் வந்திருந்தபோது, அங்கிருந்த அதிபர் கென்னடி அவரைச் சந்தித்துக் கைகுலுக்கினார்.

அதன்பின் நடந்ததைப் படிக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. தொழில்முறை அணிகளின் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டு, கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணியில், அதாவது ஜிம் பிரௌனின் பக்கத்திலேயே, ஆட வேண்டியவர் அவர். 1962 கோடையில் ரத்தப் புற்றுநோய் என்று கண்டறிந்தார்கள். ஒரு தொழில்முறை ஆட்டத்தில்கூட ஆடாமல் 1963 மே 18 அன்று தமது 23-ஆம் வயதில் இறந்தார். ஒருமுறைகூட அவர் ஆட்டத்தில் அணியாத 45 என்ற எண்ணுக்குக் கிளீவ்லாந்து அணி ஓய்வு கொடுத்தது. எண்ணுக்கு ஓய்வு கொடுப்பதில் முழுப் பொருத்தம் என்று நான் கருதும் நிகழ்வு இது ஒன்றுதான். அணியாமல் போனவரின் எண் அணியப்படாமலே இருக்கட்டும்.

மூன்றாமவர் ஃப்ளாய்ட் லிட்டில். டேவிஸ் தாம் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, பயிற்சியாளர் பென் ஷ்வார்ட்ஸ்வால்டருடன் நியூ ஹேவனில் இருந்த லிட்டிலின் வீட்டுக்கே போனார். ராணுவக் கல்லூரி அணியும் நோட்ர டேமும் லிட்டிலை விரட்டிக்கொண்டிருந்த காலம். சிராக்யூஸுக்கு வருகிறேன் என்று டேவிஸிடம் சொல்லிவைத்ததையும், பிறகு அவர் இறந்த செய்தி வந்தபோது அந்த வாக்கைக் காப்பாற்றியே தீருவது என்று முடிவெடுத்ததையும் லிட்டில் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1964 முதல் 1966 வரை அவர் 44-ஐ அணிந்து ஆடினார்.

என் பதிலின் சாரம் இந்த மூன்று பேரின் வரிசையிலேயே இருக்கிறது. பிரௌன் படிப்பை முடித்த ஆண்டிலேயே 44-க்கு ஓய்வு கொடுத்துக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தால், அது வெறும் பிரௌனின் எண்ணாக மட்டும் நின்றிருக்கும். பிரௌன் டேவிஸை அழைத்ததற்கும், டேவிஸ் லிட்டிலின் வீட்டுக்குப் போனதற்கும் இப்போதுள்ள பொருள் வந்திருக்காது. அந்த எண்ணைக் கொடுத்துக்கொண்டே போனதால்தான் அதற்கு மதிப்பு ஏறியது. லிட்டிலுக்குப் பிறகும் சிலர் அணிந்தார்கள். கடைசியாக அணிந்தவர் 1995 முதல் 1998 வரை ஆடிய ராப் கான்ராட். (பல ஆண்டுகள் கழித்துப் படகிலிருந்து கடலில் விழுந்து, சுமார் 16 மணி நேரம் நீந்திக் கரையேறியவர் இவரேதான். 44-க்கு ஒரு முரட்டு ராசி உண்டு போலும்.) 2005 நவம்பர் 12 அன்று ஒரு விழா எடுத்து எண்ணுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அந்த முடிவை மரியாதை என்று ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு முற்றுப்புள்ளி என்பதையும் மறுக்க முடியவில்லை.

இதில் நடைமுறைக் கணக்கு ஒன்றும் உண்டு. ஒரு கல்லூரி அணியில் 100 வீரர்களுக்குக் குறையாமல் இருப்பார்கள். எண்களோ 99-உடன் முடிந்துவிடுகின்றன. தாக்குதல் வரிசையின் நடுவில் நிற்பவர்கள் 50 முதல் 79 வரையிலான எண்களைத்தான் அணிய வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் களத்தில் இல்லாதவரை ஒரே எண்ணை இருவருக்கும் தரலாம் என்று விதி இருப்பதால்தான் அணிகள் சமாளிக்கின்றன. நூறாண்டு மரபுள்ள ஓர் அணி தன் நட்சத்திரம் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணைப் பூட்டத் தொடங்கினால் மிஞ்சுவது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். அலபாமா போன்ற அணிகள் எந்த எண்ணுக்கும் ஓய்வு கொடுப்பதில்லை. அங்கே 1948 முதல் அணித்தலைவர்களின் கைத்தடமும் காலணித் தடமும் மணிக்கூண்டின் அடியில் கான்கிரீட்டில் பதிக்கப்படுகின்றன. ஓஹையோ ஸ்டேட்டில் தேசிய அளவில் தேர்வு பெறும் வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்ஐ மரம் நடுகிறார்கள். இது 1934 முதல் நடக்கிறது. மரம் நல்ல யோசனை. எத்தனை நட்டாலும் விதி தடுக்காது.

என் வாதத்துக்கு எதிரான சான்றையும் சொல்லிவிட வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகம் நான் சொல்கிற வழியை முயன்று பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. பழைய நட்சத்திரம் டாம் ஹார்மனின் 98, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெரால்டு ஃபோர்டின் 48 உட்பட ஓய்வில் இருந்த எண்களை 2011-க்குப் பிறகு மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்து, பழைய வீரரின் பெயர் பொறித்த ஒரு பட்டையை ஜெர்சியில் தைத்து, இன்றைய வீரர்களுக்குக் கொடுத்தார்கள். 2015-இல் அத்திட்டத்தையே கைவிட்டு, எண்களை மறுபடி ஓய்வுக்கு அனுப்பினார்கள். அங்கே தவறியது எது என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். அதுவரை 12-ஐ அணிந்து ரசிகர்கள் மனத்தில் பதிந்துவிட்ட, தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கான டெவின் கார்ட்னருக்கு, 2013-இல் திடீரென 98 மாட்டப்பட்டது. எண் மாறியது, பட்டை தைக்கப்பட்டது, ஒலிபெருக்கியில் அறிவிப்பும் வந்தது. ஆனால் சிராக்யூஸில் நடந்ததைப் போல ஒருவர் இன்னொருவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிக் கேட்டதன் விளைவாக அது வரவில்லை. மேலேயிருந்து ஒதுக்கப்படும் எண் சீருடையாகத்தான் இருக்கும், சீதனமாக ஆகாது.

சிலைகளைப் பற்றியும் கேட்பீர்கள். சிராக்யூஸ் வளாகத்தில் 44-ஐ அணிந்த மூவருக்கும் சிலை உண்டு. அவற்றில் டேவிஸின் சிலை 2008-இல் திறக்கப்பட்டபோது நடந்ததை நண்பர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவே இல்லை. 1961-இல் ஆடியவருடைய காலணியில், 1971-இல் பிறந்த நைக்கி சின்னம் செதுக்கப்பட்டிருந்தது. கையில் இருந்த ஹெல்மெட்டும் பிற்காலத்தது. கண்டுபிடித்துச் சொன்னதும் சரிசெய்தார்கள். சிற்பியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வரைவைப் பார்த்து ஒப்புதல் அளித்தவர்கள் அத்தனை பேர் கண்ணிலும் அது படவில்லை என்றால், அவர்கள் அங்கே பார்த்துக்கொண்டிருந்தது ஒரு நட்சத்திரத்தை. எந்தக் காலத்தில், எந்தக் காலணியோடு, எந்த விருந்திலிருந்து வெளியே போகச் சொல்லப்பட்டவர் என்பதையெல்லாம் கொண்ட எர்னி டேவிஸை அல்ல.

கொண்டாட்டப் பட்டியலில் இடம்பெறாமல் விடப்பட்டவர்களும் உண்டு. 1970-இல் சிராக்யூஸ் அணியின் கறுப்பின வீரர்கள் 9 பேர் பயிற்சிக்கு வர மறுத்தார்கள். பத்திரிகைகள் எண்ணிக்கையைத் தவறாக எழுதிவிட்டதால் இன்றும் அவர்களுக்குச் சிராக்யூஸ் எட்டுப்பேர் என்றுதான் பெயர். சரியான மருத்துவ வசதி, எல்லோருக்கும் போலப் படிப்பில் உதவி, நிறம் பார்க்காமல் ஆடும் இடம், பயிற்சியாளர் குழுவில் கறுப்பினத்தவர் ஒருவர்: இவைதாம் அவர்கள் கேட்டவை. அவர்களை எதிர்த்து நின்ற பயிற்சியாளர், டேவிஸை அழைத்துக்கொண்டு லிட்டிலின் வீட்டுக்குப் போன அதே ஷ்வார்ட்ஸ்வால்டர். சமரசம் பேச ஜிம் பிரௌனே வந்தும் பயனில்லை. அவர்களில் எவருக்கும் தொழில்முறை அணியில் ஆடும் கனவு நிறைவேறவில்லை. 2006-இல் பல்கலைக்கழகம் அவர்களை வரவழைத்து மன்னிப்புக் கேட்டு, வேந்தர் பதக்கத்தையும், அணி வீரருக்குரிய மேலங்கியையும் அளித்தது. மேலங்கி 36 ஆண்டு தாமதமாக வந்தது. 44-க்கு ஓய்வு கொடுத்த விழாவைவிட இந்த விழாவையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதில் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம் இன்னும் தொலைவுக்குப் போயிருக்கிறது. அங்கே ஆடிய முதல் கறுப்பின வீரர் ஜாக் டிரைஸ், 1923 அக்டோபர் 6 அன்று மினசோட்டாவுக்கு எதிராக ஆடும்போது தோள்பட்டை எலும்பு முறிந்தும் விடாமல் ஆடி, பிறகு மிதிபட்டு, இரண்டு நாளில் இறந்தார். தம் இனத்தின் மானமும் குடும்பத்தின் மானமும் தம் மானமும் இதில் அடங்கியிருக்கின்றன என்று முந்தைய இரவில் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட கடிதம் அவருடைய கோட்டுப் பையில் கிடைத்தது. சாதனைப் பட்டியலில் தேடினால் அவர் பெயர் வராது. ஆடிய ஆட்டங்களே அவ்வளவு குறைவு. மாணவர்கள் 1970-களிலிருந்து விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால், 1997-இல் அரங்கத்துக்கே ஜாக் டிரைஸ் அரங்கம் என்று பெயர் வைத்தார்கள்.

ஒருவரைக் கொண்டாடுவதில் உள்ள சங்கடத்தையும் மறைக்க வேண்டியதில்லை. ஜிம் பிரௌன் மீது பெண்களிடம் வன்முறை காட்டினார் என்ற குற்றச்சாட்டுகள் பல இருந்தன. மனைவியின் காரை உடைத்த வழக்கில் சிறைக்கும் போனார். வெண்கலத்தில் வார்த்துவிட்டால் இதைச் சொல்ல இடமில்லாமல் போகிறது. எண்ணைக் கைமாற்றும் வழக்கத்தில் ஒரு சிறு வசதி என்னவென்றால், அடுத்து வருபவர் முன்னவருடைய ஓட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

எனவே, உங்கள் அணிக்காக இந்த முடிவை எடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், எண்ணைப் பூட்டாதீர்கள். பத்தாண்டுக்கு ஒருமுறையேனும் தகுந்த ஒருவருக்குக் கொடுங்கள், அதையும் முன்பு அணிந்தவரைக் கொண்டே கொடுக்கச் செய்யுங்கள். தள்ளிப்போடவும் வேண்டாம். ஃப்ளாய்ட் லிட்டில் 2021-ஆம் ஆண்டின் முதல் நாளில் இறந்தார். ஜிம் பிரௌன் இறந்தது 2023 மே 18 அன்று, எர்னி டேவிஸ் இறந்து சரியாக 60 ஆண்டுகள் நிறைந்த அதே நாளில். 44-ஐ மீண்டும் ஒரு பையனுக்குத் தருவதென்று சிராக்யூஸ் முடிவு செய்தாலும், அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்பதற்கு அந்த மூவரில் ஒருவரும் இல்லை.